மஞ்சள் இலையின் பூர்வீகம்

ஜவ்வரிசிப் பாயசம் சாப்பிடும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கல்யாணப் பந்தி ஞாபகம் வரலாம். எனக்குக் கொஞ்ச நாளாக ஓர் இலை ஞாபகம் வருகிறது. சாப்பிடும் இலையல்ல, மரவள்ளி இலை.

சென்ற மாதம் சேலம் ஜில்லாவில், ஆத்தூர்ப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சீமையில் காடு என்றால் வனம் அல்ல, மேட்டு நிலம். காட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒரு செடியின் இலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். பாதி பச்சை, பாதி மஞ்சள். குழந்தை கசக்கிப் போட்ட காகிதம்போல ஒரு சுருக்கம் வேறு.

"என்னங்க ஐயா இது?" என்றேன்.

"தேமலுங்க, தம்பி. இது விழுந்துட்டா கிழங்கு பெருக்காது. எங்கேயிருந்துதான் வந்து தொலைஞ்சுதோ! நீங்க படிச்சவங்க, நாலு பேரைக் கேட்டுச் சொல்லுங்க" என்று எனக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்.

கேட்டேன். பதிலைத் தேடி ஜப்பானுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்வர வேண்டியதாயிற்று. பயப்படாதீர்கள், புத்தகங்களின் வழியாகத்தான். ஆபீஸ் செலவில் அல்ல.

ஜப்பானில் கி.பி. 752-ல் கோகென் என்ற சக்கரவர்த்தினி ஒரு கவிதை எழுதினார். கோடை காலத்திலேயே ஒரு செடி, பனிக்காலம் வந்துவிட்டாற்போல மஞ்சளித்து நிற்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதைத்தான் பாடினார். அந்தப் பாட்டு 'மன்யோஷு' என்னும் பழைய தொகை நூலில் சேர்ந்துவிட்டது. யூபடோரியம் என்று தாவர சாஸ்திரிகள் அழைக்கும் இனத்துச் செடி அது. அதன் மஞ்சள் இலையைச் சோதித்து, காரணம் ஒரு வைரஸ்தான், கூடவே ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு சிறு துணைப்பொருளும் உண்டு என்று 2003-ல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். செடிகளைப் பிடிக்கும் வைரஸ் வியாதியைப் பற்றி உலகத்தில் எழுதிவைத்த முதல் குறிப்பு அந்தக் கவிதைதான் என்கிறார்கள். பாவம், சக்கரவர்த்தினிக்கு வைரஸ் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்திருந்தால் கவிதைக்குப் பதிலாக உத்தரவு பிறந்திருக்கும்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஜப்பானியச் செடியின் வைரஸும் ஆத்தூர் மரவள்ளியின் வைரஸும் ஒரே வம்சம். ஜெமினி வைரஸ் என்று பெயர். ஜெமினி என்றதும், படம் ஆரம்பிக்கும்போது ஊதுகொம்பு ஊதிய இரட்டைக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்களா? அதே அர்த்தம்தான். இந்த வைரஸின் துகள் ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைப் பிள்ளைபோல இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு இவற்றை வரிசையாக அடுக்க வேண்டுமானால் முப்பதாயிரத்துக்கு மேல் தேவைப்படும். உள்ளே இருக்கும் மரபுச் செய்தியோ ஒரு சின்ன வளையம். சுமார் 2,700 எழுத்துக்கள். மனிதனுடையது ஏறக்குறைய 300 கோடி எழுத்து. மரவள்ளி வைரஸுக்கு இப்படி இரண்டு வளையங்கள்; இரண்டும் தனித்தனித் துகள்களில் பயணம் செய்கின்றன. வெள்ளை ஈ இரண்டையும் சுமந்து போய்ச் சேர்த்தால்தான் செடியில் குடித்தனம் நடக்கும்.

இத்தனைக்கும் தன்னைத்தானே படியெடுத்துக் கொள்ள அதனிடம் சொந்த யந்திரம் கிடையாது. செடியின் செல்லுக்குள் புகுந்து, அங்குள்ள யந்திரத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது. பாக்டீரியாக்களுக்குள் தனியே சுற்றிக்கொண்டிருக்கும் சிறு மரபு வளையங்கள் உண்டு. அவற்றிலிருந்துதான் இந்த வம்சம் கிளைத்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். எவ்வளவு பழைய வம்சம் என்பதற்குப் புகையிலையே சாட்சி. ஜெமினி வைரஸின் துண்டுகள் என்றைக்கோ அதன் மரபுக்குள்ளேயே பதிந்துபோய், விதைக்கு விதை இறங்கி வருகின்றன.

சரி, மரவள்ளிக்கு வருவோம். அது தென்னமெரிக்கச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். மழை பொய்த்தாலும் கிழங்கு கொடுக்கும் செடியை யார் வேண்டாம் என்பார்கள்? கண்டம் முழுவதும் பரவியது. 1894-ல் வார்பர்க் என்ற ஜெர்மன் தாவர சாஸ்திரி, இன்று டான்சானியா என்று அழைக்கப்படும் பகுதியில் இலை சுருண்டு தேமல் விழுந்த மரவள்ளியைப் பற்றி எழுதினார்.

செடி வந்த இடத்திலிருந்துதானே வியாதியும் வந்திருக்கும் என்று நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் தென்னமெரிக்காவில் இந்த வியாதியே இல்லை! ஆக, கப்பலில் வந்தது செடி மட்டும்தான். வைரஸ் ஆப்பிரிக்காவின் காட்டுச் செடிகளில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தது. அங்கே செடிகள் பல ஜாதியாய்க் கலந்து, தள்ளித் தள்ளி நின்றன. குடியிருந்த வீட்டை இடித்தால் தனக்கும் வீடில்லை என்பதால், காலப்போக்கில் வைரஸும் செடியும் ஒருவிதமாக ஒத்துப்போயிருந்தன. அந்த ஊருக்கு மரவள்ளி வந்தது: வைரஸை முன்பின் பார்த்திராத செடி, ஏக்கர் ஏக்கராக, ஒன்றுபோல் ஒன்று. விதை போட்டும் நடுவதில்லை. தாய்ச் செடியின் குச்சியை வெட்டி நடுகிறோம். தாய்க்கு வியாதி இருந்தால் குச்சியோடு சீதனமாக அதுவும் வந்துசேரும்.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களின் கடைசியில் உகாண்டாவில் மரவள்ளி திடீரென்று மோசமாகச் சீரழியத் தொடங்கியது. ஆண்டுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் என்று அந்த அழிவு தெற்கு நோக்கி நகர்ந்தது. கிழங்கையே நம்பியிருந்த கிராமங்கள் மரவள்ளியைக் கைவிட்டன. 1990-களின் தொடக்கத்தில் சில இடங்களில் பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. என்ன நடந்தது என்பது 1997-ல் தெளிவாயிற்று. இரண்டு வகை ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸ்கள் ஒரே செடியில் குடியேறியபோது, ஒன்றின் மரபுச் செய்தியில் ஒரு துண்டு மற்றொன்றில் போய் ஒட்டிக்கொண்டு, புதிய கலப்பு வைரஸ் பிறந்திருந்தது. போதாக்குறைக்கு, அது பழைய வைரஸ் ஒன்றுடன் சேர்ந்து தாக்கும்போது செடி தாங்குவதேயில்லை. வைரஸின் பரிணாமம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அது இப்படி ஓர் உழவனின் வயலில், அவன் கண்ணெதிரே நடந்தது.

அப்படியானால் நம் ஊர்த் தேமல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா என்றால், அதுவும் இல்லை. திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் 1880-களில் மரவள்ளியை ஊக்கி வளர்த்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோய், சேலத்துக்காரர்கள் மரவள்ளி மாவில் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். செடி பெருகியது. இங்கேயும் ஒரு வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டது. வம்சாவளியைப் பார்த்தால் அதற்கு நெருங்கிய உறவு ஆப்பிரிக்க வைரஸ்கள் அல்ல, இந்த வட்டாரத்து வைரஸ்கள்தான். ஆப்பிரிக்கக் கதையே இங்கே தனியாக இன்னொரு தடவை நடந்திருக்கிறது.

இதில் இந்திய வைரஸ் ஒன்று, இலங்கை வைரஸ் என்று பெயர் பெற்ற மற்றொன்று என இரண்டு உண்டு. இலங்கைப் பெயர்க்காரரின் சரித்திரம் வேடிக்கையானது. ஆதியில் ஒற்றை வளையத்தோடு வாழ்ந்தவர், இந்திய வைரஸிடமிருந்து இரண்டாவது வளையத்தைச் சம்பாதித்துக்கொண்டு குடும்பஸ்தராகிவிட்டார் என்று 2002-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. வேடிக்கை அதோடு சரி. 2015-ல் அவர் கம்போடியாவில் தென்பட்டார். சில வருஷங்களுக்குள் வியட்நாமும் தாய்லாந்தும். அத்தனை தூரம் ஈயா பறந்தது? ஊர்விட்டு ஊர், தேசம்விட்டுத் தேசம் போன நடவுக் குச்சிகள் அவரைச் சுமந்து போயின.

பரிகாரமும் ஒரு வனவாசியிடமிருந்துதான் கிடைத்தது. 1930-களில் டாங்கனீகாவின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோரி, நிக்கல்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், மரவள்ளியை அதன் உறவான ஒரு ரப்பர் மரத்தோடு கலப்புச் செய்தார்கள். பார்வைக்குச் சுமாரான உறவுதான். ஆனால் தேமலைத் தாங்கும் குணம் அதனிடம் இருந்தது. அந்த வழியில் பிறந்த செடிகளை நைஜீரியாவின் இபாடான் ஆராய்ச்சி நிலையத்தில் மேலும் வளர்த்தெடுத்தார்கள். உகாண்டா மீண்டும் மரவள்ளி பயிரிட்டது அப்படி வந்த ரகங்களால்தான். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் தேமலைத் தாங்கும் ரகங்களை உண்டாக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு பெரியவருக்கு டெலிபோன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, வியாதி நம்ம ஊர்க்காரன், செடிதான் அசலூருன்னு சொல்றீங்க."

"ஆமாங்க ஐயா."

"அது இருக்கட்டும், தம்பி. அடுத்த நடவுக்குத் தேமல் இல்லாத செடியாப் பார்த்துக் கயிறு கட்டி வெச்சிருக்கேன். ரெண்டு ஏக்கராவிலே எத்தனை தேறுச்சுங்கறீங்க? முப்பத்தேழு."