மணவோலையில் ஓர் ஒற்று

சென்ற ஆவணியில் எனக்கு ஒரு விவாக அழைப்பிதழ் வந்தது. மணமகன் என்னிடம் பாடங்கேட்ட மாணவன். பொன்முலாம் பூசிய பிள்ளையார், மயிற்றோகை, பட்டுநாடா என்று சிறப்புக்குக் குறைவில்லாத இதழ் அது. திறந்தவுடன் 'திருவளர்ச்செல்வன்' என்னும் சொல் கண்ணை உறுத்திற்று. அதன்கீழே எம் வருகையை 'எதிர்ப்பார்க்கும்' பெற்றோர் நின்றனர். மணமகளின் தந்தையார் பெயரோ ஓரெழுத்துக் குறைந்து கிடந்தது.

நேரிற் கண்டபோது மெதுவாகச் சொன்னேன். "அது கொம்பியூட்டர் விட்ட பிழை, ஐயா" என்று சிரித்தான் பிள்ளை. பின்பு சற்றே தலைகுனிந்து, "உங்களிட்டைக் காட்டியிருக்கலாம். ஐயாவுக்கு ஏன் கரைச்சல் எண்டு விட்டிட்டம்" என்றான். முதற்சொன்னது என்னைத் தொடவில்லை. இரண்டாவது சொன்னது இன்றளவும் நெஞ்சிற் கிடந்து வருத்துகின்றது.

'வளர்செல்வன்' என்பது வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என முக்காலமும் தன்னுட் கரந்து நிற்கும் வினைத்தொகை. வினைத்தொகையில் வருமொழி வல்லெழுத்து மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்றும், சுடுசோற்றைச் சுடுச்சோறு என்றும் சொல்வாரில்லை. மணமகனுக்கு மட்டும் எதற்கு இந்த ஒற்று? ('திருநிறைச்செல்வி' பற்றி வழக்குண்டு, நிறை என்பதைப் பெயராகக் கொள்வாரும் உளர். அதனை இங்கே தொடேன்.)

யாழ்ப்பாணத்துக்கும் ஈய எழுத்துக்கும் உள்ள உறவு நேற்றையதன்று. அமெரிக்க மிஷனார் 1834 முதல் மானிப்பாயில் அச்சுக்கூடம் நடத்தினர். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும், 1842இல் மானிப்பாய் அகராதி என வழங்கும் தமிழகராதியும் அவர்கள் முயற்சியால் வெளிவந்தன. அவர்கள் கைக்கொண்ட கருவியையே சைவத்துக்கும் தமிழுக்கும் ஆக்கத் துணிந்த ஆறுமுகநாவலர், 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நாவலர் என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்திலே பெற்றதும் அந்தப் பயணத்திலேயாம். அவர் பதிப்புகளின் பெருமை தாளாலும் கட்டாலும் வந்ததன்று, பிழையின்மையால் வந்தது. அவர் வழியிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றினார். ஈழகேசரி நா. பொன்னையா சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகத்திலே கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தைப் பதிப்பித்தது 1937இல் தொடங்கியது. அச்சுப்பிழை ஓர் அவமானம் என்னும் உணர்ச்சி இவ்வாறு வளர்ந்து, மணவோலையும் கோயில் நோட்டீசும் அடித்த சின்னஞ்சிறு அச்சகங்கள்வரை இறங்கிற்று.

அதனை நான் படித்தறிந்தவனல்லன், கண்டறிந்தவன். 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் தாளும் மையும் அருமையாயின; பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. அப்போது பண்டித வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த நான், மாலைவேளைகளில் ஓர் அச்சகத்திலே பார்வைப்படி திருத்தி வந்தேன். மிதியந்திரத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. கால் ஒன்று இருந்தாற் போதும். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே, கொம்பொசிற்றர் என்று ஊரார் அழைத்த முதியவர், அறையறையாக வகுத்த பெட்டியிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கைச்சட்டத்திற் கோப்பார். ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து வார்த்த அவ்வெழுத்துகள் கண்ணாடியிற் கண்டாற்போல இடம் வலம் மாறி நிற்கும். அவற்றை அவர் தலைகீழாக வைத்துக்கொண்டே வாசிப்பார். நமக்கு நேரே நிற்பதை வாசிக்கவே இடர்ப்பாடு.

அங்கே ஓர் ஒற்று என்பது விசையை அழுத்தினால் வரும் குறியன்று. விரலுக்கும் விரலுக்கும் இடையிற் பிடிக்கும் ஓர் ஈயத்துண்டு. கோத்து முடிந்த வரியில் ஒன்றைப் புகுத்த வேண்டுமானால், சொற்களுக்கு இடையிலுள்ள துண்டுகளைச் சாமணத்தாற் கழற்றி, மெலிந்த துண்டுகளை இட்டு, வரியை மீண்டும் இறுக்கவேண்டும். ஆதலால் வேண்டாத ஒற்றைக் கோக்க எவருக்கும் மனம் எழாது. சிவப்பு மையிற் பெயரும் நீல மையிற் செய்தியும் வேண்டுமென்றால் தாள் இருமுறை யந்திரத்துட் போகவேண்டும். ஆகவே அலங்காரமும் அளவோடே நின்றது. ஒருநாள் கிழவர் ஒரு தகப்பனாரைப் பார்த்து, "ஷ் தேஞ்சு போச்சு, ஐயா. கனிஷ்ட புத்திரனை இளைய மகன் எண்டு போடட்டோ?" என்று கேட்டார். அவரும் இசைந்தார். தனித்தமிழுக்கு அவ்வச்சகம் அறியாமற் செய்த தொண்டு அது.

அக்காலம் பிழையற்ற பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. வழக்கமான வாசகங்களைப் பிரிக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்து, பெயரையும் நாளையும் மாத்திரம் மாற்றி அடிப்பதும் உண்டு. முந்திய வீட்டாரின் ஊர்ப்பெயர் பிந்திய வீட்டாரின் இதழில் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன். என் கையாலும் பிழை நேர்ந்தது. மணமகளின் தந்தையார் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டதைக் காணாமல், பார்வைப்படியிற் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். இருநூறு தாள் அடித்தாயிற்று. வேறு தாளும் இல்லை. கிழவர் என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், தொட்டெழுதும் பேனாவை என் முன்னே வைத்தார். இருநூற்றிலும் அந்தக் காலை என் கையால் இட்டு முடித்தபோது நள்ளிரவு கழிந்திருந்தது.

கதை அவ்வளவில் முடியவில்லை. சில ஆண்டுகளின் பின் அப்பெண் கணவனோடு சேர்வதற்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, மணப்படங்களோடு அவ்வழைப்பிதழையும் இணைத்தாளாம். இத்திருத்தம் யாரால், எப்போது செய்யப்பட்டதென்று அதிகாரி வினவினாராம். நல்லவேளையாகக் காரியம் கெடவில்லை. கேள்விப்பட்ட அன்று எனக்கு உணவு செல்லவில்லை. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வாழ்க்கைத்துணையை அழைப்பிப்போர் இன்றும் மணவோலையைச் சான்றாகக் கட்டி அனுப்புவதுண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அழைப்பிதழில் வேறொரு பெயருமாக நின்றால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அச்சடித்தவரல்லர்.

"பொருள் விளங்கினாற் போதாதா?" என்று கேட்பாருளர். ஒருவன் பெயர் அச்சேறும் இடங்கள் நம்மூரிற் பெரும்பாலும் இரண்டே: ஒன்று மணவோலை, மற்றொன்று அந்தியேட்டிக் கல்வெட்டு. பின்னதை அவனாற் பார்த்துத் திருத்த இயலாது. முன்னதிலாவது அவன் பெயர் சரியாக இருக்கட்டுமே!

ஈய எழுத்துக்கு மீளவேண்டும் என்பது என் கருத்தன்று. அது கண்ணையும் காலையும் தின்ற தொழில். கணினி தந்த வசதியை வேண்டாமென்பது நன்றி மறத்தலாகும். ஆனால் ஈய எழுத்தோடு கூடவே, போகத் தகாத ஒன்றும் போய்விட்டது, அதுதான் பார்வைப்படி. அந்நாளில் அது ஈரமைத் தாளாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்தது. தகப்பனார் பார்த்தார், தமையன் பார்த்தான், அயலிலுள்ள வாத்தியார் பார்த்தார். இன்றோ வாசகம் கைத்தொலைபேசியில் வருகின்றது. வடிவமைப்பவர் அதனை ஒட்டுகின்றார். படம் வாட்ஸ்அப்பிற் போகின்றது. வீட்டார் நிறத்தையும் நாடாவையும் பார்த்து 'ஓகே' என்று விடுகின்றனர். வடிவமைக்கும் பிள்ளையை நோவதிற் பயனில்லை. அவருக்குக் கூலி படத்துக்கே. வல்லினம் மிகுமிடத்துக்கு அன்று.

நோகவேண்டியவர் நாமே, ஆசிரியர்களாகிய நாம். மாணவன் கொப்பியிற் சிவப்பு மை சிந்துகின்றோம். அவன் வீட்டு மணவோலையைக் கண்டால் மரியாதை கருதி வாய்மூடுகின்றோம். அல்லது பிறர் முன்னே பிழை சொல்லிச் சிரிக்கின்றோம். 'ஐயாவுக்குக் கரைச்சல்' என்று அப்பிள்ளை எண்ணியதற்கு நாம் காட்டிய முகமே காரணம். நம் பிராசீன பாடசாலைகளில் நன்னூல் படிப்பிக்கிறோம். ஒரு பார்வைப்படியைக் கையிற் கொடுத்துத் திருத்தப் பழக்குவதில்லை. நாவலர் வழியினர் என்று மேடையிற் சொல்லிக்கொள்வதிற் குறைவில்லை.

அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். பார்வைப்படியைத் திரையிற் பார்த்து அமையாது, தாளில் எடுப்பியுங்கள். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றொருவர் படியில் விரல் வைத்துத் தொடரட்டும். பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலப் பக்கத்துப் பெயர்களைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். வாக்கியமோ திருக்கணிதமோ, எந்தப் பஞ்சாங்கங்கொண்டு நாள் வைத்தீர்களோ அதனோடு தேதியையும் கிழமையையும் பாருங்கள். பின்பு அயலிலுள்ள தமிழாசிரியர் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். தை பிறந்தால் முகூர்த்தங்கள் நெருங்கிவரும். மாலை நான்கு மணிக்குப் பின் நான் வீட்டிலேதான் இருப்பேன்.