கார் கண்ணாடி உடைந்தது! செல்போன் திரும்புமா?

நாகூர் கந்தூரி 14 நாள் விழா. தர்காவின் 5 மினாராக்களும் விளக்கு ஒளியில் மின்னும். நாகப்பட்டினத்தில் இருந்து சந்தனக்கூடு ஊர்வலமாக வரும். எல்லா மதத்தாரும் கூடுவார்கள். குடும்பத்தோடு காரில் வருகிறவர்களும் உண்டு.

கூட்டம் கூடும் எந்த ஊரிலும் திருடனுக்குக் கண், ஆள் இல்லாத காரின் மேல்தான். சீட்டில் செல்போன், பக்கத்தில் லேப்டாப் பை. கண்ணாடியை உடைக்க ஒரு நிமிடம் போதும்.

போன பொருள் திரும்புமா? செல்போன் திரும்பலாம். லேப்டாப் திரும்புவது கடினம். ஏன் இந்த வேற்றுமை?

15 இலக்கம்

ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்கத்தில் ஒரு தனி எண் உண்டு. அதன் பெயர் ஐ.எம்.இ.ஐ. சிம் கார்டைத் திருடன் எறிந்துவிடலாம். இந்த எண் போனோடுதான் இருக்கும். வேறு சிம் போட்டதும், அது சிம் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

இதை வைத்து மத்திய அரசு சி.இ.ஐ.ஆர். என்ற பதிவேட்டை ஏற்படுத்தியது. 2019-ல் மும்பையில் சோதனையாகத் தொடங்கியது. 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்தது. திருட்டுப் போனை அதில் பதிந்தால், இந்தியாவில் எந்தக் கம்பெனி சிம்மிலும் அது பேசாது. யாராவது சிம் போட்டால் போலீசாருக்குத் தகவல் போகும்.

லேப்டாப்புக்கு இப்படி ஒரு பதிவேடு இல்லை. அதன் அடியில் வரிசை எண் இருக்கும். போலீசார் அதைக் கைப்பற்றினால், "இது என்னுடையது" என்று காட்ட அந்த எண்தான் சாட்சி.

"காணவில்லை" என்று எழுதாதீர்கள்

காணாமல் போனது வேறு. களவு போனது வேறு. புகாரில் "திருட்டு" என்றே எழுத வேண்டும். இத்தகைய குற்றத்துக்கு வழக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரிலேயே கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அந்த நகல், அடையாள அட்டை, போன் வாங்கிய ரசீது ஆகியவற்றோடு பதிவேட்டில் பதியலாம். பழைய நம்பரிலேயே புதிய சிம் வாங்கிக்கொள்வது அவசியம்.

பொருள் கிடைத்தால், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். கைப்பற்றிய பொருளைப் போலீஸ் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனுப் போட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்துப் பெறலாம்.

எல்லாப் போனும் திரும்பாது. உடைத்துப் பாகம் பாகமாக விற்றால் தடயம் இல்லை. வெளிநாடு போனால் நம் பதிவேடு எட்டாது.

இன்றே செய்யுங்கள்

உங்கள் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் தெரியும். அதையும் லேப்டாப் வரிசை எண்ணையும் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதுங்கள். ரசீதை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள்.

போனுக்குள்ளேயே எழுதி வைத்தால், அந்த எண்ணும் திருடனோடு போய்விடும்!