வாசல் படிக்குச் செங்கல் முகம்: அழகு முதலா? அளவு முதலா?

வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது யார்? வீட்டுக்காரர் அல்ல, வாசல் படிதான்!

அந்தப் படி பல வீடுகளில் எப்படி இருக்கிறது? கான்கிரீட்டில் போட்டது. வெயிலிலும் மழையிலும் கறுத்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

"இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்" என்பார் ஒருவர். "பளபளப்பான கல்லை ஒட்டலாம்" என்பார் மற்றொருவர்.

இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. உறுதியான படியை இடிப்பது வீண் செலவு. பளபளக்கும் கல்லோ, மழைத் தண்ணீர் பட்டால் வழுக்கும். பழைய படிக்கே செங்கல் பதிக்கலாம். சிவந்த செங்கலும் வெள்ளைக் கோலமும் நம் வாசலுக்கு ஏற்ற அழகு.

ஆனால், ஒரு நிபந்தனை. கரண்டியை எடுக்கும் முன் அளவு நாடாவை எடுக்க வேண்டும்!

பாட்டி விழுந்தார்

எங்கள் வீட்டில் இதை மறந்தோம்.

மூன்று படிகள். ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம். மூன்றாம் படிக்கு மேல் வீட்டுத் தரை. அதற்கும் 6 அங்குலம். எல்லாப் படிகளின் மேலும் செங்கலைப் படுக்க வைத்துப் பதித்தார் கொத்தனார். கலவையோடு சேர்ந்து 3 அங்குலம் கூடியது.

விளைவு என்ன? முதல் படி 9 அங்குலம் ஆகிவிட்டது. நடுப் படிகள் பழையபடி 6 அங்குலம். கடைசி ஏற்றம் வெறும் 3 அங்குலம்!

காலுக்குக் கண் இல்லை. ஒரு படி என்ன உயரமோ, அடுத்த படியும் அதே உயரம் என்று நம்பித்தான் அது நடக்கிறது. மறுவாரம் பாட்டி படி இறங்கினார். தரை வந்துவிட்டது என்று காலை வைத்தார். தரை இன்னும் 3 அங்குலம் கீழே இருந்தது. விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

கொத்தனார் மீது குறை இல்லை. வேலை சுத்தம். அளந்து பார்க்காதது எங்கள் குற்றம்.

வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தேசியக் கட்டிட விதி. 9 அங்குலம் என்பது சுமார் 23 சென்டிமீட்டர்!

வழி என்ன?

படியின் முகப்பில் மட்டும் மெல்லிய செங்கல் ஓடுகளைப் பதியுங்கள். கால் வைக்கும் மேல்பக்கம், சொரசொரப்பான சிமெண்டாகவே இருக்கட்டும். உயரம் மாறாது, வழுக்காது, செலவும் குறைவு.

மேலேயும் பதித்தே தீர வேண்டுமா? தரையிலிருந்து வீட்டுத் தரை வரை மொத்த உயரத்தை அளங்கள். எத்தனை ஏற்றமோ அத்தனையால் வகுங்கள். ஒவ்வொரு ஏற்றமும் அந்த அளவுக்கு வர வேண்டும். வராது என்றால், அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

வேலை நிலைக்க

படி ஆடுகிறதா? மண்ணில் இறங்குகிறதா? அதை முதலில் சரி செய்யுங்கள். அடியில் உள்ள வெடிப்பைச் செங்கல் மறைக்கும், தடுக்காது.

வழவழப்பான கான்கிரீட்டில் கலவை பிடிக்காது. உளியால் கொத்திவிட வேண்டும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்து, சிமெண்டுப் பால் பூசிய பிறகே பதிக்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் போதும்.

நல்ல செங்கல் எது? இரண்டைத் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். நகத்தால் கீறினால் தடம் விழாது. அதைத் தண்ணீரில் ஊற வைத்துப் பதியுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பதித்த பின் 7 நாளாவது தண்ணீர் விட வேண்டும்.

எங்கள் வீட்டில் மேல் செங்கலைப் பெயர்த்துவிட்டோம். இப்போது முகப்பு மட்டும் சிவப்பு. பாட்டி யார் கையையும் பிடிக்காமல் இறங்குகிறார்.

ஊரார் மெச்சும் படி நல்ல படிதான். வீட்டுப் பெரியவர்கள் பயமின்றி இறங்கும் படி, அதைவிட நல்ல படி!