தனியாக ஒரு மணி நேரம் எதற்கு?

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலை, பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம் நசரத்பேட்டை. மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலைகள். கிழக்கே பூந்தமல்லி, போரூர் என்று நெருங்கி வரும் நகரம். ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ், கல்லூரி பஸ், கன்டெய்னர் லாரி, இவைதான் இந்தச் சந்திப்பின் அன்றாடம். இங்கே குடியிருப்பவரிடம் "காலையில் ஒரு மணி நேரம் நடங்கள், யோகா செய்யுங்கள், சிறுதானியம் சாப்பிடுங்கள்" என்று சொல்வது சுலபம். மருத்துவர் முதல் வாட்ஸ்அப் குழு வரை எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பவரும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுகிறார். அவரைச் சோம்பேறி என்று முடித்துவிடுவது வழக்கம். கோளாறு அவரிடம் இல்லை, அறிவுரையில் இருக்கிறது என்பது என் வாதம். ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் உடல்நலத்துக்கென்று இன்னொரு மணி நேரத்தைச் செருக முடியாது. எப்படியும் நடக்கிற, நிற்கிற, சாப்பிடுகிற பொழுதுக்குள் உடலைப் பற்றிய கவனத்தைக் கொண்டுவர முடியும். அதற்கு வேண்டிய நிமிடங்களைக் கொடுப்பதில் சாலைக்கும் வேலையிடத்துக்கும் பொறுப்பு உண்டு.

முதலில் நிலவரத்தைப் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த 'இண்டியாப்' ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதம் என்றது அது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். மறு ஆண்டு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த கணக்கு, போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியர்கள் 2000-ல் 22.3 சதவீதமாக இருந்து 2022-ல் 49.4 சதவீதமாகிவிட்டார்கள் என்கிறது. ஆண்களில் 42, பெண்களில் 57 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் சோம்பல் இரண்டு மடங்கு ஆகிவிடாது. மாறியது மனிதர்களின் குணமல்ல, அவர்களுடைய நாளின் அமைப்பு. சைக்கிள் போய் பைக் வந்தது, நடந்து போன தூரத்துக்கு ஷேர் ஆட்டோ வந்தது, நின்று செய்த வேலை திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. இருட்டிய பிறகு விளக்கில்லாத சர்வீஸ் சாலையில் ஒரு பெண் நடக்கத் தயங்குவதை எந்த யோகா வகுப்பும் ஈடுகட்டிவிடாது.

அன்றாட வேலையிலேயே கலந்திருக்கும் அசைவு உடலுக்கு என்ன செய்கிறது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. லண்டன் மருத்துவர் ஜெரி மாரிஸ் 1953-ல் வெளியிட்ட பஸ் ஊழியர் ஆய்வு அது. ஒரே பஸ், ஒரே சாலை, ஒரே நிர்வாகம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், நடத்துநர் மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்குகிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மாரிசுக்கும் தோன்றியது. சீருடைக் கணக்கைத் தேடிப் பார்த்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே கூடுதல் என்று 1956-ல் அவரே எழுதினார். ஆராய்ச்சியாளர் என்றால் அப்படி இருக்க வேண்டும். எனவே அந்த ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அதைவிட வலுவான சாட்சி நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட குழுவில் 40.5 சதவீதம், மாத்திரைக்கு நடை தோற்கவில்லை என்று பொருள். இதில் எனக்கு முக்கியமாகப் படும் விவரங்கள் இரண்டு. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தினம் அரை மணி வேக நடை சொல்லப்பட்டது; வேலைக்கே நடந்தோ சைக்கிளிலோ போய்வந்தவர்களிடம் அதையே தொடருங்கள் என்றார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதும் கணக்கில் சேரும் என்பதே இதன் உட்பொருள். அடுத்தது, வழிகாட்டப்பட்ட குழுவினரின் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லை என்று ஒரு மாதத்தில் நடையைக் கைவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அரை மணியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. முதியவர்களிடம் 2013-ல் செய்த சிறிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் நடந்த 15 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் ஒரேயடியாக நடந்த 45 நிமிடத்தை விடச் சிறப்பாக வேலை செய்தது.

இனி கவனம். வெளிவட்டச் சாலையின் தெற்கு முனையான வண்டலூருக்கு அடுத்திருக்கும் கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி, தறியில் உட்கார்ந்து எழுந்தவருக்கு எந்த மூட்டு மடங்காமல் போகும் என்பது தெரிந்தவர் கோத்ததைப் போலவே இருக்கும். கை, கால், மூச்சு, கண் என்று நகர்ந்து, கடைசியில் படுத்தபடி பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்துத் தளர்த்துவதில் அது முடிகிறது. அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 1979-ல் மருத்துவமனைக்குள் கொண்டுபோன மனக்கவனப் பயிற்சியிலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. சென்னையில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும், அவர் பெயரில் 1976-ல் 'யோக மந்திரம்' என்ற நிலையத்தைத் தொடங்கிய மகன் தேசிகாச்சாரும் மூச்சுக்கு ஏற்ப அசைவு, ஆளுக்கு ஏற்பப் பயிற்சி என்பதில் உறுதியாக இருந்தார்கள். ஆசனம் அழகாக வருகிறதா என்பது இவர்களுக்கு இரண்டாம்பட்சம். செய்கிறபோது உடல் என்ன சொல்கிறது என்பதே முதல் கேள்வி. இதனால் எல்லா நோயும் தீரும் என்று மேடையில் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அசெம்பிளி லைனில் நிற்பவர் தன் எடை முழுவதும் வலது காலில் இறங்கியிருப்பதையும், தோள்கள் காதை நோக்கி ஏறியிருப்பதையும், பற்கள் கடித்திருப்பதையும் கவனித்தால், காலை மாற்றுவார், தோளை இறக்குவார், மூச்சை முழுதாக விடுவார். அரை நிமிட வேலை. அதற்குப் பாயும் வேண்டாம், தனி உடையும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

தட்டுக்கு வருவோம். மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் என்ன நடக்கிறது? நடுவில் குவியலாகச் சோறு, ஓரத்தில் இரண்டு கரண்டி முட்டைக்கோஸ் பொரியல், கொஞ்சம் கூட்டு, ஒரு அப்பளம். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, காரக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, மோருக்கு என்று நான்கு முறை சோறு. பருப்பு என்பது சாம்பாரில் கரைந்திருப்பதோடு சரி. இந்தியர் உட்கொள்ளும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இண்டியாப் ஆய்வின் 2025-ஆம் ஆண்டு வெளியீடு கண்டது. அதே வெளியீடு, சிறுதானியப் பிரியர்கள் விரும்பாத ஒன்றையும் சொன்னது: மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, பால் பொருள் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றும்போதுதான் குறைகிறது. நான்கு சப்பாத்தியை 'டயட்' என்று நினைத்துச் சாப்பிடுபவருக்கும், தினை என்பதற்காக இரண்டு தட்டு பொங்கல் சாப்பிடுபவருக்கும் இது கசப்பான செய்திதான். இரண்டாவது முறைச் சோற்றை நிறுத்திவிட்டு ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்வது சிறுதானிய பிஸ்கெட் வாங்குவதைவிட மலிவு.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எப்படி என்பதும் சேர்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-ல் 20 பேரை உள்ளேயே தங்கவைத்துச் சோதித்தது. ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு கொடுத்தபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். பசி அடங்கியதை வயிறு மூளைக்குச் சொல்லிச் சேர்ப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். பஸ்ஸின் ஹாரன் கேட்டபடி பத்து நிமிடத்தில் விழுங்குபவருக்கு அந்தச் செய்தி பஸ்ஸில்தான் வந்து சேரும். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மென்று சாப்பிடச் சொல்லலாம். ஆனால் பத்து நிமிடத்தை இருபது நிமிடமாக்குவது அவர் கையில் மட்டும் இல்லை.

"நாங்கள் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறோம், நிற்கிறோம், எங்களுக்கு ஏன் உடற்பயிற்சி?" என்ற கேள்வி நியாயமானது. உழைப்பும் உடற்பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல என்று டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் காட்டிவருகிறார்கள். ஓய்வு நேர அசைவு இதயத்தைக் காக்கிறது. நீண்ட நேரம், இடைவெளியின்றி, தன் விருப்பப்படி நிறுத்தவும் முடியாத கடும் வேலை அப்படிக் காப்பதில்லை. ஆகவே லோடு ஏற்றுபவருக்குத் தேவை இன்னும் நடை அல்ல, ஓய்வும் உடலைத் தளர்த்தும் நேரமும். துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்களுக்கு இது எந்த ஆய்வும் இல்லாமலே தெரிந்திருந்தது. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதற்குப் பின்னால் அந்த வலி இருந்தது. உட்கார்ந்தே இருப்பவருக்கு எழ உரிமை, நின்றே இருப்பவருக்கு உட்கார உரிமை, இரண்டும் ஒரே கோரிக்கைதான்.

"மனமிருந்தால் மார்க்கமுண்டு, எல்லாவற்றுக்கும் அரசையும் முதலாளியையும் இழுப்பது சாக்கு" என்பார்கள் சிலர். தனிமனித முயற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே சொன்ன அரை நிமிடமும் ஒரு கிண்ணம் சுண்டலும் அவரவர் முயற்சிதான். ஆனால் 2021 டிசம்பரில் நடந்ததை இந்தப் பகுதி மறந்திருக்காது. பூந்தமல்லி வட்டாரத்து விடுதியில் தங்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் விடுதி உணவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். விடுதியும் உணவுக்கூடமும் உரிய தரத்தில் இல்லை என்று பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது, ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அந்தப் பெண்கள் எவ்வளவு கவனமாக மென்றிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தால், போக வர இரண்டு மணி நேரம் பயணிப்பவரிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசவே நமக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் சரியல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல திட்டம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் அங்கே போகவே பைக் எடுக்க வேண்டும். நசரத்பேட்டைக்காரருக்கு வேண்டியது வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்குமான நடைபாதை, சாலையைக் கடக்கப் பயமில்லாத ஓர் இடம், அங்கே எரிகிற விளக்கு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கி.மீ. மெட்ரோ வழித்தடம் திட்டமிட்டவர்கள், நிலையத்தைச் சுற்றி இரண்டு கி.மீ. தூரத்துக்கு மக்கள் எப்படி நடந்து வருவார்கள் என்பதையும் சேர்த்து வரைந்தால், அந்தப் பாதை எந்த ஜிம்மையும்விட அதிகம் பேரை நடக்க வைக்கும்.

தொழிற்சாலைக்குள் செய்யக்கூடியது இதைவிடச் சுலபம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வைக்கவும், அங்கே என்ன பரிமாறுவது என்பதை வரையறுக்கவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளைச் சேர்க்கவும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இடம் கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்றதும் அதே சட்டம்தான். புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு உணவகத்துக்கான எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்திருக்கிறது. சோற்றின் பக்கத்தில் ஒரு கிண்ணம் பயறு, எண்ணெயில் மிதக்காத ஒரு காய், சாப்பிட்ட பின் வளாகத்துக்குள் பத்து நிமிடம் நடக்க இடைவேளை, இவற்றைக் கேட்பதற்குப் புதிதாகப் போராட்டம் எதுவும் தேவையில்லை. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உணவகக் குழு இருக்கிறதா, அதில் உங்கள் சார்பில் யார் இருக்கிறார், கடைசியாக அது எப்போது கூடியது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.