கிராபிக்ஸ் கார்டின் பயாஸை மாற்றலாம். விற்கும்போது அதை மறைக்கலாமா?

 

சென்ற மாதம் ஒருநாள் மஃரிபு தொழுகைக்குப் பிறகு என் தங்கையின் மகன் ஒரு கேள்வியோடு என்னிடம் வந்தான். பொறியியல் படிக்கும் பிள்ளை. அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கியிருந்தான். கணினியில் பொருத்தினால் திரை வருகிறது. ஆனால் அதற்குரிய டிரைவர் மென்பொருள் இயங்க மறுக்கிறது. இரண்டு நாள்கள் போராடிய பின்னரே காரணம் புலப்பட்டது. கார்டினுள் இருந்த பயாஸ், தொழிற்சாலையில் எழுதப்பட்டது அன்று. யாரோ மாற்றி எழுதியது. "கிரிப்டோ மைனிங் செய்த கார்டா?" என்று வாங்கும்போதே அவன் கேட்டிருக்கிறான். "இல்லை, வீட்டில் விளையாட மட்டும்தான்" என்பது விற்றவரின் பதில்.

அசல் பயாஸைத் தேடியெடுத்து அவனே மீண்டும் எழுதிவிட்டான். டிரைவர் இயங்கியது. எனினும் ஒரு மணி நேரம் விளையாடினால் திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறுகின்றன. பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது: "மாமா, இப்போ கார்டுல அசல் பயாஸ்தான் இருக்கு. அஞ்சு நிமிஷம் சோதிச்சா யாருக்கும் தெரியாது. வாங்கின விலைக்கே வித்துடலாமா? என்கிட்டயும் இப்படித்தானே வித்தாங்க?"

இக்கேள்விக்கு உடனே பதில் சொல்வது எளிது. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஈடுபட்டுவரும் இந்தப் பயாஸ் மாற்றும் பழக்கம் என்னவென்று பெற்றோர் முதலில் அறிந்துகொள்வது நல்லது. அறியாமல் "அதெல்லாம் வேண்டாம்" என்று தடுத்தால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். கேள்வி கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள்.

ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டிலும் ஒரு சிறு நினைவகச் சில்லு உண்டு. அதில் எழுதப்பட்டிருக்கும் நிரலே பயாஸ். கார்டு எந்த வேகத்தில் இயங்கலாம், எவ்வளவு மின்னழுத்தம் பெறலாம், எத்தனை வாட் வரை மின்சாரம் இழுக்கலாம், மின்விசிறி எப்போது விரைவாகச் சுழல வேண்டும், நினைவகம் எந்தக் கால இடைவெளியில் பதிலளிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. கணினியில் நிறுவும் மென்பொருள்கொண்டும் வேகத்தைக் கூட்டலாம்; ஓவர்கிளாக் என்று சொல்வது இதைத்தான். ஆனால் அது பயாஸ் போட்ட எல்லைக்குள்தான் நிற்கும். மென்பொருளை நீக்கினால் கார்டு பழைய நிலைக்குத் திரும்பும். பயாஸை ஃபிளாஷ் செய்வது, அதாவது அழித்து வேறொன்றை எழுதுவது, அந்த எல்லையையே நகர்த்துகிறது. அம்மாற்றம் கார்டுடனேயே தங்கும். கார்டு கைமாறினால் அடுத்தவர் வீட்டுக்கும் செல்லும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் பயன் இல்லாமல் இல்லை. 2017இல் ஏஎம்டி நிறுவனம் வேகா 56, வேகா 64 என்னும் இரு கார்டுகளை வெளியிட்டது. விலை குறைந்த 56இல் மூத்த கார்டின் பயாஸை எழுதியபோது, நினைவகத்தின் மின்னழுத்தம் 1.25 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டாக உயர்ந்தது. நினைவகத்தை முன்னிலும் வேகமாக இயக்க முடிந்தது. ஆனால் 3584 கணிப்பு அலகுகள் 3584 ஆகவே இருந்தன. பெயர் மாறியதால் 4096 ஆகிவிடவில்லை. சாம்சங் நினைவகம் பொருத்தப்பட்ட கார்டுகள் இம்மாற்றத்தைப் பொதுவாகத் தாங்கின. ஹைனிக்ஸ் நினைவகம் கொண்டவை பலவற்றில் திரை சிதறியது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சில்லு இழுக்கும் மின்சாரம் வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியின் விகிதத்திலும் உயரும். வேகத்தைப் பத்து விழுக்காடும் மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடும் கூட்டினால், மின்செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். அத்தனையும் வெப்பமாக வெளியேற வேண்டும். கூடுதல் வெப்பமும் மின்னழுத்தமும் சில்லின் ஆயுளைக் குறைக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் கார்டு உயிரற்றுப் போகக்கூடும். இரண்டு பயாஸும் மாற்றுப் பொத்தானும் உள்ள கார்டென்றால் மீட்பது எளிது. இல்லையேல் வேறு வழியில் கணினியை இயக்கியோ, சில்லில் கவ்வியைப் பொருத்தித் தனிக் கருவிகொண்டோ மீண்டும் எழுத வேண்டும்.

அப்படியானால் பயாஸை மாற்றுவதே தவறா? என் கருத்தில் இல்லை. 2020 ஜனவரியில் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி கார்டு வெளிவந்தபோது, கார்டு தயாரிப்பாளர்களே வேகம் கூட்டும் புதிய பயாஸைத் தந்து, வாங்கியவர்கள் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு 2010 இறுதியில் வந்த எச்டி 6950 கார்டு பலவற்றில், பயாஸ் மாற்றத்தால் 1408 கணிப்பு அலகுகள் 1536 ஆயின. மூடப்பட்டிருந்த அலகுகள் திறந்துகொண்டன. பணம் கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. அதைத் திறந்து பார்ப்பதும், கற்றுக்கொள்வதும், நம் பொறுப்பில் மாற்றுவதும் நம் உரிமை. பிள்ளை இதில் காட்டும் ஆர்வம் நாளை அவனுக்குத் தொழிலாகவும் அமையலாம். தன் பொருளை வீணாக்காமலும், வாப்பா வாங்கிக்கொடுத்த கணினியென்றால் அவரிடம் கேட்டுக்கொண்டும் செய்தால் போதும்.

தவறு தொடங்கும் இடம் வேறு. அது மறைக்கும் இடம்.

முதலாவது, உத்தரவாதம். பயாஸை மாற்றி, அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்தி, கார்டு பழுதான பின் அசல் பயாஸை எழுதிவைத்து, "ஒன்றும் செய்யவில்லை, தானாகவே போய்விட்டது" என்று சொல்லிப் புதியதை வாங்கிவருகிறார்கள் சிலர். "கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு இதனால் என்ன இழப்பு?" என்பது அவர்கள் வாதம். வாங்கியவர் செய்த மாற்றத்தால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்பது உத்தரவாதத்தில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. அதை ஏற்றே நாம் வாங்கினோம். ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பேணுவது நம் மார்க்கக் கடமை. எதிர்த்தரப்பு செல்வந்தராய் இருப்பது நம் பொய்யை உண்மையாக்கிவிடாது.

இரண்டாவது, விற்பனை. ஈத்தீரியம் நாணயத்துக்கான மைனிங்கில் நினைவகத்தின் வேகமே வருவாயைத் தீர்மானித்தது. எனவே ஆர்எக்ஸ் 470, 570, 580 போன்ற கார்டுகளின் பயாஸில் நினைவகக் கால இடைவெளிகளைச் சுருக்கி எழுதி, இரவு பகலாக ஓடவிட்டார்கள். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு மைனிங்கைக் கைவிட்டது. வேலையிழந்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டு என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பலர் மின்னழுத்தத்தைக் குறைத்தே இயக்கினார்கள். அவற்றுள் நன்றாக உழைப்பவையும் உண்டு. சொல்லி விற்றிருந்தால், அறிந்து வாங்கியவர் மனநிறைவோடு பயன்படுத்தியிருப்பார். மாற்றிய பயாஸைச் சரியான கையொப்பம் இல்லையென்று ஏஎம்டியின் டிரைவர் நிராகரித்தபோதுதான், என் மருமகனுக்குத் தான் ஏமாற்றப்பட்டது தெரியவந்தது. விற்றவரின் நாவு சொல்லாததை இயந்திரம் சொன்னது.

மூன்றாவது, அப்பட்டமான மோசடி. 2010, 2011ஆம் ஆண்டுகளில் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ ஆகிய பழைய என்விடியா கார்டுகளில் பொய்யான பயாஸை எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்றார்கள். கணினி 4 ஜிபி என்று காட்டும். உள்ளே அவ்வளவு இராது. விளையாட்டு கூடுதல் நினைவகம் கேட்டதும் எல்லாம் நின்றுவிடும். இவை பெருகியதால், 2018இல் ஜிபியு-இசட் என்னும் சோதனை மென்பொருள் இத்தகைய போலிகளை அடையாளம் காட்டத் தொடங்கியது. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் அல் முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை நாம் ஓதும்போது, தராசையும் படியையும் மட்டுமே நினைக்கிறோம். ஒரு கார்டு தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் எண்ணும் அளவைதான். அதைத் திருத்தி எழுதி விற்பவன் எடைக்கல்லைக் குடைந்தவனே.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்வை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். தானியம் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. மழை அவர் குற்றமன்று. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததே குற்றமாயிற்று. ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கை அதன்பொருட்டே வந்தது. ஈரமான தானியத்தை விற்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். காட்டி விற்க வேண்டும் என்பதே பாடம்.

பழுதான கார்டில் அசல் பயாஸை எழுதிவைப்பது, ஈரத்தின்மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதை ஒத்தது. மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கைவிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். ஈரம் தெரிய ஒரு மணி நேரம் ஆகும்.

"வாங்குபவர்தான் சோதித்து வாங்க வேண்டும்" என்பார்கள். சோதித்து வாங்குவது அவருடைய கடமை; சொல்லி விற்பது நம்முடைய கடமை. அவர் தம் கடமையில் தவறினால் நம் கடமை நீங்கிவிடாது. "சொன்னால் விலை குறையுமே" என்பார்கள். குறையட்டும். குறையுள்ள பொருளின் சரியான விலை அதுதான். அதற்கு மேல் கிடைப்பது பொருளுக்கான விலையன்று, நம் மௌனத்துக்கான விலை. "என்னையும் ஏமாற்றினார்களே" என்பது மூன்றாவது வாதம். மனத்தைத் தொடும் வாதமும் அதுவே. பிள்ளையின் பணம் போனது, கோபம் நியாயமானது. ஆனால் அவன் இழப்பை ஈடுகட்டப்போகிறவர் அவனை ஏமாற்றியவர் அல்லர். அவனைப் போலவே சிறுகச் சிறுகச் சேர்த்த இன்னொரு பிள்ளை.

ஆகவே பயாஸ் மாற்றும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுமுன் அசல் பயாஸைச் சேமித்து வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். விற்கும் நாளில் அக்குறிப்பையும் கார்டோடு கொடுங்கள். உத்தரவாதத்துக்குச் செல்லும்போது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: "எவ்வளவுக்கு விற்றாய்?" என்று கேட்கும்போது, "என்ன சொல்லி விற்றாய்?" என்றும் கேளுங்கள். நுணுக்கமான கொடுக்கல் வாங்கல் ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். நான் எழுதுவது ஒரு குடும்பத்தலைவனின் கருத்தே.

என் மருமகன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தான் எழுதிய விளம்பரத்தைக் காட்டினான். மைனிங் செய்த கார்டு. பயாஸ் மாற்றப்பட்டிருந்து மீண்டும் அசல் எழுதப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் திரை சிதறும் என்று மூன்று வரிகள். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து எடுத்துச் சென்றார். மீதித் தொகைக்குப் பிள்ளை மீண்டும் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் வணிகத்தில் பரக்கத் உண்டென்று நமக்கு வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறைந்த தொகையில் வல்ல அல்லாஹ் அவனுக்கு பரக்கத் செய்வானாக! நம் அனைவரின் கொடுக்கல் வாங்கலையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.