விலை கேட்காத குரல்

சந்தைப் பற்றாளர்களோடு வாதாடப் போகும் இடதுசாரி நண்பர்கள் மார்க்ஸில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்திலேயே ஆளை இழந்துவிடுகிறார்கள். நான் ஹயக்கில் ஆரம்பிக்கிறேன். அன்பர்கள் அவரைப் படித்திருப்பார்கள். அல்லது படித்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

1945இல் வெளியான கட்டுரையில் ஹயக் வெள்ளீயத்தை உதாரணம் காட்டுகிறார். எங்கோ தட்டுப்பாடு. காரணம் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. விலை ஏறுகிறது, முகம் தெரியாத ஆயிரம் பேர் சிக்கனமாகிறார்கள். சிதறிக் கிடக்கும் இந்த அறிவை எந்தத் திட்டக்குழுவும் ஒரு மேஜைமேல் திரட்டிவிட முடியாது. பலமான வாதம். சோவியத் திட்டமிடலின் சரித்திரம் இதை மறுக்க உதவாது.

ஆனால் விலை யாருடைய பேச்சைக் கேட்கிறது? காசுள்ளவன் பேச்சை. 1943இல் வங்காளத்தில் அது தன் வேலையைக் கறாராகச் செய்தது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலின் கணக்குப்படி, அவ்வருஷத்து அரிசி வரத்து முந்தைய ஐந்து வருஷச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு, 1941ஐவிட அதிகம். செத்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம். விவசாயக் கூலியின், மீனவனின் பசி விலைக்குக் கேட்கவில்லை. கல்கத்தாவின் யுத்தகாலப் பணம் கேட்டது. மாகாண எல்லைகளில் தானியத்தைத் தடுத்தது சர்க்கார்தானே என்பார்கள். உண்மை. சென்னின் வரத்துக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. தடை இல்லாவிட்டால் விலை இறங்கியிருக்கும், பலர் பிழைத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வேலையே போய்விட்ட கூலிக்காரன் இறங்கிய விலையில்தான் எதைக் கொடுத்து வாங்குவான்? இதற்குச் சந்தைக்குள் பதில் இல்லை. 1958க்குப் பின் மாவோவின் சீனத்தில் இதைவிடப் பெரிய பஞ்சம் வந்தது. அங்கே பசியைச் சொல்ல விலையும் இல்லை, சுதந்திரமான பத்திரிகையும் இல்லை. நான் அந்தச் சிம்மாசனத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. விலை செவிடாகும் இடத்தில் இன்னொரு காது வேண்டும் என்கிறேன்.

ரொனால்ட் கோஸ் 1937இல் ஒரு கேள்வி கேட்டார்: விலையே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துமானால் கம்பெனிகள் எதற்கு? கம்பெனி வாசலைத் தாண்டினால் விலை கிடையாது, உத்தரவுதான். பிற்பாடு சிகாகோவில் பேராசிரியராகி, 1991இல் நோபல் பரிசு வாங்கியவர் இவர்; சந்தை அன்பர்கள் அன்னியமாக நினைக்கவேண்டியதில்லை. ஆக, திட்டமிடல் ஒழிந்துவிடவில்லை, முதலாளியின் அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அங்கே தொழிலாளிக்கு ஒரு வோட்டு கொடுத்தால் என்ன? ஜெர்மனியில் 1976 சட்டம் 2000 பேருக்கு மேல் வேலைசெய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடத்தை ஊழியர்களுக்குத் தந்தது. இழுபறியானால் தலைவரின் கூடுதல் வோட்டு, நடைமுறையில் அது பங்குதாரர் பக்கம். அரைகுறைதான். இருந்தும் ஜெர்மானியத் தொழில்கள் மூழ்கிவிடவில்லை.

கடைசியில் சிங்கப்பூரைச் சொல்லி நம் வாயை அடைப்பார்கள். சரி, சிங்கப்பூர். 1966இன் நில எடுப்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த அரசு நிலத்தைச் சேர்த்தது. இன்று தீவின் பெரும்பகுதி நிலம் அதனுடையது. அங்கே குடியிருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் அரசுக் கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள், பெரும்பாலும் 99 வருஷக் குத்தகையில். விமானக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கும் அரசின் முதலீட்டு நிறுவனத்திடம். இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் என்று அன்பர்கள் சொல்லட்டும். அந்தப் பெயரிலேயே மேற்கொண்டு பேசலாம்.