பாட்டு பீரியட்டைப் பறிக்க வேண்டாம்

பள்ளிப் பருவம் விதைக்கும் பருவம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணிதமும் அறிவியலும் எங்கள் மனத்தில் விதைக்கப்படுவதை யாவரும் அறிவர். ஆண்டு முடிவில் அதன் அறுவடையும் மார்க் ஷீட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இசை ஆசிரியை விதைப்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே அவர் விதைத்தது முளைக்கவே இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று என்பதைப் பணிவுடன் எடுத்துக்கூறவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதனை எழுதுகிறோம்.

இவ்வாண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் வகுப்புக்குக் கால அட்டவணை தரப்பட்டது. சென்ற ஆண்டுவரை வாரம் ஒரு முறை ‘இசை’ என்றிருந்த இடத்தில் ‘கணிதத் தேர்வு’ என்று இருந்தது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்குப் பாட்டு எதற்கு என்பதே காரணம். மற்றப் பள்ளிகளில் படிக்கும் எங்கள் சித்தி மகள்களையும் மாமன் மகள்களையும் கேட்டுப் பார்த்தோம். அவர்களில் பலரும் இதையே சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் இப்படியே செய்துவிடலாமே என்று சிலர் கேட்டதாகவும் அறிகிறோம். இந்த ஏற்பாடு எங்கள் நன்மையைக் கருதிச் செய்யப்பட்டது என்பதில் எங்களுக்குச் சிறிதும் ஐயமில்லை. இருப்பினும், ஓர் இசை ஆசிரியர் இளம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கிறார் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்த பின் இந்த முடிவை எடுக்கலாம் அன்றோ?

வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் மேட்டுப்பாளையத்திலிருந்தே தொடங்குவோம். கொங்கு நாட்டின் கலைகளில் வள்ளி ஒயில் கும்மியும் ஒன்று. முருகன் வள்ளியை மணந்த கதையை ஆசிரியர் பாட, ஆடுவோர் வரிசையாகவோ வட்டமாகவோ நின்று, காலில் சலங்கை ஒலிக்க அடியெடுத்து வைப்பர். இதை நெடுங்காலமாக ஆண்களே ஆடி வந்தார்கள். மேட்டுப்பாளையத்தை அடுத்த தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்திரப்பன் என்னும் ஆசிரியர் அந்த வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் அதனைக் கற்றுக் கொடுத்தார். 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தபோது அவருக்கு வயது 87. பெண்களுக்குப் பயிற்சி அளித்ததையும் விருதின்போது சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். இன்று கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கும்மி அரங்கேற்றம் நடந்தால், ஒரே நிறச் சேலை கட்டிய தாய்மாரும் பாவாடை தாவணி அணிந்த சிறுமியரும் ஒன்றாக ஆடுவதைக் காண்கிறோம். எங்கள் வகுப்பிலும் விடுமுறையில் ஊருக்குப் போய்க் கும்மி பழகி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப் பழகிய பெண்கள் எல்லாரும் கலைஞர்களாகிப் புகழ் பெற்றுவிட்டார்களா? இல்லை. அவர்கள் தோட்ட வேலைக்கும் மில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். ஆயினும் ஊர் முழுவதும் கூடியிருக்கும் இடத்தில் நாணி ஒதுங்காமல் நடுவில் வந்து நிற்கும் துணிவை அவர்கள் பெற்றிருக்கிறார்கள். பக்கத்தில் ஆடுபவளின் அடியைப் பார்த்துத் தன் அடியை வைக்கவும் கற்றிருக்கிறார்கள். ஓர் ஆசிரியர் பழைய வழக்கத்தை மாற்றத் துணிந்ததால் விளைந்த பயன் இது.

சாதாரண மக்களின் வாழ்வில் மட்டுமன்றி, பெரும்புகழ் பெற்றவர்களின் வாழ்விலும் ஓர் இசை ஆசிரியரின் கை இருப்பதைக் காணலாம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்றொரு ஆசிரியர் இருந்தார். அவர் பெயரைத் திரைப்பட விளம்பரங்களில் காண முடியாது. 1968-இல் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்த ராசையா என்ற இளைஞர், அவரிடம் மேல்நாட்டு இசையைப் பயின்றார். ‘ராசையா’ என்பதை ‘ராஜா’ என்று மாற்றி அழைத்தவரும் அந்த மாஸ்டர்தான் என்பர். 1976-இல் ‘அன்னக்கிளி’ படம் வெளிவந்தபோது அந்தப் பெயருக்கு முன் ‘இளைய’ என்ற சொல் சேர்ந்தது. அந்த இளையராஜா, தம்முடைய சிம்பொனியை 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். ஏட்டில் எழுதிய இசையைப் பல வாத்தியங்களையும் அறிந்தவர்போல் பிரித்துக் கொடுக்கும் வித்தைக்கு அடிக்கல் எங்கே நாட்டப்பட்டது? தன்ராஜ் மாஸ்டரின் சிறிய அறையில் அன்றோ!

அதே மாஸ்டரிடம் பயின்ற மற்றொரு மாணவர் ஏ.ஆர். ரஹ்மான். அவர் 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றதை நாமெல்லாரும் அறிவோம். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 2008-இல், அவர் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார் என்பதைப் பலர் அறியார். ஆசிரியரிடம் பெற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க அவர் விரும்பினார் போலும். நல்ல ஆசிரியரின் பாடம் மாணவரோடு முடிந்துவிடுவதில்லை; மாணவரின் மாணவரிடமும் போய்ச் சேர்கிறது.

பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு இன்னும் நெருக்கமான சரித்திரம் ஒன்று உண்டு. அது இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரத்தில் நடந்தது. அந்நகரில் பியத்தா என்ற ஆதரவற்றோர் இல்லம் இருந்தது. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளை அங்கே வளர்த்தார்கள். 1703-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி என்ற இளம் குருவானவர், அதே ஆண்டில் அவ்வில்லத்துப் பெண்களுக்கு வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். செந்நிறத் தலைமுடி உடையவராதலால் மக்கள் அவரைச் ‘செந்நிறக் குரு’ என்று அழைத்தனர். அப்பெண்கள் கோவிலின் மாடத்தில், கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று பாடுவார்கள், வாத்தியங்களை வாசிப்பார்கள். முகம் சரியாகத் தெரியாது. இசை மட்டும் கேட்கும். அதைக் கேட்க ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பயணிகள் வந்தார்கள். இன்று உலகமெங்கும் கோவில்களிலும் அரங்குகளிலும் பாடப்படும் விவால்டியின் ‘குளோரியா’ அந்த அநாதைப் பெண்களுக்காக எழுதப்பட்டதே.

அவர்களுள் அன்னா மரியா என்ற பெண் வயலினில் மிகவும் தேர்ந்தவள். விவால்டி அவளுக்காகவே பல இசைப் படைப்புகளை எழுதினார். தாய் தந்தை பெயர் அறியாத அவளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே மக்கள் அவளை ‘வயலின் அன்னா மரியா’ என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் அவளும் அதே இல்லத்தில் ஆசிரியையாகி இளம் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தாள். பெற்ற தாயிடமிருந்து கிடைக்காத பெயர் கற்ற கலையிலிருந்து கிடைத்தது.

இந்தச் சரித்திரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. 1709-இல் அந்த இல்லத்தின் நிர்வாகக் குழுவினர் வாக்கெடுப்பு நடத்தி, விவால்டியை மேலும் வேலையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் 1711-இல் அதே குழுவினர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தினர் தங்கள் முடிவை மாற்றிக்கொள்வது பெருமைக்குக் குறைவு அன்று என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறோம்.

இனி எங்கள் பள்ளிக்கு வருவோம். எங்கள் இசை ஆசிரியை எங்களுக்கு என்ன கொடுத்தார்? ஆறாம் வகுப்பில் முதலில் கற்றுத் தந்தது பாட்டே அன்று. நேராக நிற்பதும், மூச்சை வயிற்றிலிருந்து இழுத்து விடுவதும்தான். பிறகு ஹார்மோனியத்தில் ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, “முதலில் கேளுங்கள், அப்புறம் பாடுங்கள்” என்பார். குரல் சேராதவர்களை அவர் வெளியே அனுப்பியதில்லை. அவர்களுக்குத் தாளம் கொடுத்தார், ஜால்ரா கொடுத்தார், பக்கம் புரட்டும் வேலையையாவது கொடுத்தார். வகுப்பில் பெயரைக் கேட்டாலே தலை குனியும் ஒரு மாணவியைக் கிறிஸ்துமஸ் விழாவில் தனியே இரண்டு வரி பாட வைத்தார். அவள் இன்று எங்கள் வகுப்புத் தலைவி. கத்தோலிக்கர், இந்துக்கள், இஸ்லாமியர் என்று பல குடும்பங்களிலிருந்து வரும் நாங்கள், காலை வழிபாட்டில் ஒரே குரலாகப் பாடுவதும் அவருடைய உழைப்பினாலேயே.

எங்கள் தோழி ஒருத்தியின் தாயாரும் இதே பள்ளியில் படித்தவர். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். தோழி குழந்தையாக இருந்தபோது அவளைத் தூங்க வைக்க அவர் ஒரு பாட்டைப் பாடுவாராம். இங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அது நம் பள்ளிக் கீதம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மெட்டு வேறாக இருந்தது. விசாரித்துப் பார்த்தால், தாயார் பள்ளியில் இரண்டாம் குரல் பாடியவர். முதல் குரலின் மெட்டைப் பாட அவருக்கு வராது. தாம் கற்ற இரண்டாம் குரலையே இத்தனை ஆண்டுகளும் பாடி வந்திருக்கிறார். இப்போது வீட்டில் மகள் முதல் குரலையும் தாய் இரண்டாம் குரலையும் சேர்ந்து பாடுகிறார்களாம். அந்தத் தாயாரிடம் பத்தாம் வகுப்பில் கற்ற கணிதச் சூத்திரங்களைக் கேட்டோம். மறந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கணிதத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நெஞ்சில் எது நெடுங்காலம் தங்குகிறது என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

இனி, எங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடிய காரணங்களையும் பார்ப்போம்.

வாரம் 40 நிமிடம் என்றால், ஆண்டுக்கு 30 வாரங்கள் வைத்துக்கொண்டாலும் 20 மணி நேரம் ஆகிறது. பொதுத்தேர்வு ஆண்டில் இது சிறிய நேரம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காலை சிறப்பு வகுப்பு, மாலை டியூஷன், ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு என்று ஓடும் எங்களுக்கு, வாரத்தில் அந்த 40 நிமிடம் மட்டுமே யாரும் மார்க் போடாத நேரமாக இருந்தது. பகல் முழுவதும் இழுத்துக் கட்டிய நாண் விரைவில் அறுந்துபோகும். அவ்வப்போது தளர்த்தி வைத்தால் வில் நெடுநாள் உழைக்கும்.

கைப்பேசியைத் திறந்தால் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கிறதே, பாட்டுக்கு ஓர் ஆசிரியை எதற்கு என்று கேட்போரும் உண்டு. கைப்பேசி பாடும், ஆனால் நாம் பாடுவதை அது கேட்பதில்லை. சுருதி விலகினால் புருவத்தை உயர்த்தி நம்மைப் பார்ப்பதில்லை. நமக்காக இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்குவதும் இல்லை.

எல்லாரும் பாடகியாகப் போகிறீர்களா என்பது மூன்றாவது கேள்வி. இல்லை, எங்களில் ஒருவர்கூடப் பாடகி ஆகாமல் போகலாம். நாளை நாங்கள் மருத்துவராகவோ, ஆசிரியையாகவோ, கன்னியராகவோ, தாயாகவோ ஆவோம். மற்றவர் குரலைக் கேட்டுத் தன் குரலைச் சேர்ப்பதும், தன் முறை வரும்வரை காத்திருப்பதும், முறை வந்தால் அஞ்சாமல் வாய் திறப்பதும் எந்த வேலைக்கு வேண்டாம்? பெண் பிள்ளை என்றால் வாய் மூடி இருக்க வேண்டும் என்று சொல்லும் வீடுகள் நம் ஊர்ப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் மாணவிக்கு, உரக்கக் குரல் எழுப்பலாம் என்று அனுமதி தரும் முதல் இடம் பாட்டு வகுப்பே.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. பத்தாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் இசையைத் திரும்பத் தாருங்கள். அது முடியாவிட்டால், திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் வரையிலாவது தாருங்கள். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளின் பீரியட்டில் கை வைக்காதீர்கள். மதிப்பிற்குரிய மதர் அவர்களும் அருட்சகோதரியரும் இதனைக் கனிவுடன் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அன்புள்ள பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்கும்போது, “என் மகள் பாடுகிறாளா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மார்க் குறையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்காக இன்னும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து படிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி